25 வயசு, கடன் இருக்கு, வீடு வாங்குற ஆசையும் இருக்கு: எத முதல்ல பாக்குறது?

கேள்வி கேட்டவருக்கு 25 வயசு, கைக்கு வர்ற சம்பளம் 38 ஆயிரம், கல்விக்கடன், கிரெடிட் கார்டு, பர்சனல் லோன்னு மாசம் 13 ஆயிரம் இஎம்ஐலயே போயிடுது. சொந்த வீடு வாங்கணும்னு வீட்லயும் சொல்றாங்க, தனக்கும் ஆசை. கடன அடைச்சுட்டு வீட்டுக்கு சேக்குறதா, இல்ல கடன் பாட்டுக்கு ஓடட்டும்னு இப்பவே டவுன் பேமென்ட் சேக்க ஆரம்பிக்கிறதான்னு கேட்ருக்கார்.

எனக்கு இப்போ 29. நான் ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணி கைய சுட்டுக்கிட்டவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்குங்க.

விருத்தாசலம் பக்கம் எங்க ஊரு. அப்பா டெய்லர். நான் காலேஜ் சேர்றதுக்குள்ள அஞ்சு வாடகை வீடு மாறியாச்சு, அதுல ஒரு வீட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மோட்டார் போடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, சொந்தக்காரங்க வந்தா ரெண்டு நாளைக்கு மேல தங்கக்கூடாது. இதெல்லாம் பாத்து வளந்ததால மொத சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே வீடு வாங்கணும்ங்கிற வெறி வந்துடுச்சு. 2013ல மெக்கானிக்கல் சேந்தேன், வருஷத்துக்கு 80 ஆயிரம்னு நாலு வருஷத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் கல்விக்கடன். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு தான் கட்டணும்னு சொன்னாங்க, அது வரைக்கும் வட்டி ஓடாதுன்னு நானே நெனச்சுக்கிட்டேன். 2018ல தவணை ஆரம்பிக்கும்போது பாத்தா 4 லட்சத்து 40 ஆயிரம். ஏழு வருஷத்துக்கு மாசம் 7,500. ஒரகடத்துல ஒரு பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டில வேலை, சம்பளம் 19 ஆயிரம்.

இதோட நிறுத்தியிருந்தா கூட பரவால்ல. ஒரு மால்ல சட்டை டை கட்டின பையன் ஒருத்தன் "சார் லைஃப்டைம் ஃப்ரீ"ன்னு கார்டு ஒன்னு தலைல கட்டிட்டான். ஃபோன் வாங்கினேன், அக்கா வளைகாப்புக்கு கொஞ்சம் தேச்சேன், பாக்கி 55 ஆயிரத்துல நின்னுடுச்சு. மாசாமாசம் மினிமம் ட்யூ, அதாவது அந்த மாசம் கட்டியே ஆக வேண்டிய கொறஞ்ச தொகை, அத மட்டும் கட்டிட்டு நல்ல பிள்ளையா இருக்கோம்னு நெனப்பு. கணக்கு என்னன்னா, மாசம் 3.5 சதவீதம் வட்டினா 55 ஆயிரத்துக்கு 1,925, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி ஒரு 346, ஆக 2,271. நான் கட்டின மினிமம் 2,750. அசல்ல கழிஞ்சது 479 ரூபா. இதுல இன்னொரு கொடுமை, பாக்கி இருக்கும்போது புதுசா நூறு ரூபாய்க்கு டீசல் அடிச்சாலும் அதுக்கு அன்னிலேந்தே வட்டி, அந்த நாப்பத்தஞ்சு அம்பது நாள் வட்டியில்லா சலுகையெல்லாம் முழு பாக்கியும் கட்றவங்களுக்கு தான்.

இப்போ வீட்டாசை கதைக்கு வர்றேன். 2019 பிப்ரவரி, ஞாயித்துக்கிழமை, தாம்பரத்துலேந்து ஒரு வேன். அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு மனைப்பிரிவு, கொடி எல்லாம் கட்டி, வெள்ளை அடிச்ச கல்லு நட்டு, பந்தல்ல பிரியாணி. இன்னிக்கே புக் பண்றவங்களுக்கு தங்கக்காசு. 600 சதுரடி 4 லட்சத்து 20 ஆயிரம், 1 லட்சம் அட்வான்ஸ், மிச்சத்த 90 நாள்ல, லோனுக்கு நாங்க பாத்துக்குறோம்னாங்க. பக்கத்து சேர்ல உக்காந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் பிரியாணிய சாப்ட்டுட்டு "தம்பி ரோட்டுலேந்து எவ்ளோ தூரம் உள்ள வந்தோம்னு பாத்தியா"ன்னாரு. நான் பாக்கல, சொந்த இடத்துல நிக்குறோம்ங்கிற பூரிப்புல கல்லு மேல கால வச்சு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். மறுநாளே ஆப்ல பர்சனல் லோன் ஒன்றரை லட்சம், 16 சதவீதம், மூணு வருஷம், மாசம் 5,270. ஒரு லட்சம் அட்வான்ஸ், மிச்சம் அம்பது ஆயிரம் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் முழு கணக்கு கெடையாது.

மனை லோனுக்கு பேங்க் போனா, அதிகாரி என் சம்பள ஸ்லிப்ப பாத்தாரு, ஏற்கனவே போற தவணைய கூட்டினாரு, பேப்பர திருப்பி என் பக்கம் தள்ளிட்டாரு. அவர் அன்னிக்கு சொன்ன கணக்கு தான் உங்க கேள்விக்கு பதில். பொதுவா கைக்கு வர்ற சம்பளத்துல பாதி வரைக்கும் தான் எல்லா இஎம்ஐயும் சேந்து போக பேங்க் விடும். உங்களுக்கே போட்டு பாக்கலாம். 38 ஆயிரத்துல பாதி 19 ஆயிரம், அதுல 13 ஆயிரம் ஏற்கனவே போகுது, மிச்சம் 6 ஆயிரம். எட்டரை சதவீதத்துல 20 வருஷத்துக்கு லட்சத்துக்கு சுமாரா 868 ரூபா தவணை, அப்போ உங்களுக்கு இன்னிக்கு கெடைக்கிற வீட்டுக்கடன் 7 லட்சம் கூட வராது. அந்த 13 ஆயிரம் இல்லன்னா அதே சம்பளத்துக்கு கிட்டத்தட்ட 22 லட்சம். அதாவது நீங்க முடிக்கிற ஒவ்வொரு ஆயிரம் ரூபா இஎம்ஐயும் ஒரு லட்சத்து பதினஞ்சாயிரம் வீட்டுக்கடனுக்கு வழி விடுது. கடன அடைக்கிறதும் வீட்டுக்கு சேக்குறதும் வேற வேறன்னு நெனச்சு தான நீங்களும் குழம்புறீங்க, நானும் அப்படி தான் குழம்பினேன்.

மனை கேன்சல். ஒரு லட்சத்துல 40 ஆயிரம் "கேன்சலேஷன் சார்ஜ்", ரசீதுக்கு பின்னாடி பொடி எழுத்துல இருந்திருக்கு. மிச்சம் 60 ஆயிரம் ரெண்டு செக்கா எட்டு மாசம் இழுத்து குடுத்தாங்க. அது கார்டுக்கு போயிருக்கணும். போகல, தீபாவளிக்கு செகண்ட் ஹேண்ட் பைக்கா மாறிடுச்சு. இத எழுதும்போது கூட எனக்கு வெக்கமா தான் இருக்கு.

அதுக்குள்ள அம்மாவோட நாலு பவுன் வளையல் ஜோடி 75 ஆயிரத்துக்கு பேங்க்ல அடகு. அப்புறம் கொரோனா. 2020 மார்ச்லேந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணை கட்ட பேங்குங்க அவகாசம் குடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லுச்சே, நான் எல்லாத்துக்கும் டிக் அடிச்சுட்டேன், கார்டுக்கும் சேத்து. வட்டி அது பாட்டுக்கு ஏறுச்சு. வட்டிக்கு வட்டிய மட்டும் நவம்பர்ல திருப்பி போட்டாங்க, எனக்கு வந்தது சில நூறு ரூபா.

லாக்டவுன்ல ஊர்ல இருந்தப்ப அக்கா தான் புடிச்சா. கார்டு கம்பெனிலேந்து ஃபோன் வந்தா நான் மாடிக்கு ஓடுறத கவனிச்சிருக்கா. "டேய் உக்காரு, சொல்லு"ன்னு தினசரி காலண்டர் தாள் பின்பக்கம் எழுத ஆரம்பிச்சா. கல்விக்கடன் 3 லட்சத்து 70, பர்சனல் லோன் 1 லட்சத்து 15, கார்டு 61 ஆயிரம், நகை 75, ரூம்மேட் கிட்ட வாங்கினது 20. கூட்டினா 6 லட்சத்து 41 ஆயிரம். அது வரைக்கும் மனசுல ஒரு நாலு லட்சம் இருக்கும்னு தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். அக்கா திட்டுவான்னு பாத்தேன், ஒன்னும் சொல்லல, பக்கத்துல வட்டி சதவீதத்த எழுத சொன்னா. எனக்கு பாதிக்கு தெரியல.

வட்டி எழுதின ஒடனே எத மொதல்ல முடிக்கணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, கார்டு தான். பேங்குக்கு ஃபோன் போட்டு முழு பாக்கியையும் இஎம்ஐயா மாத்த சொன்னேன், வட்டி பாதிக்கு கீழ வந்துடுச்சு, கேட்டா பண்றாங்க, கேக்கணும் அவ்ளோ தான். நடுவுல வசூல் ஆளு ஒருத்தர் "35 ஆயிரம் கட்டுங்க, செட்டில் பண்ணிக்கலாம்"னாரு. நாக்குல எச்சி ஊறுச்சு. அதே மாதிரி செட்டில் பண்ண என் கூட வேல பாத்த ஒருத்தருக்கு சிபில் ரிப்போர்ட்ல, அதாவது நம்ம கடன் வரலாறு மொத்தமும் இருக்குற ரிப்போர்ட்ல, முழுசா கட்டலங்கிற அர்த்தத்துல "செட்டில்ட்"னே நின்னு, நாலு வருஷம் கழிச்சு வீட்டு லோனுக்கு போனப்ப ரெண்டு பேங்க் கைய விரிச்சிடுச்சு. வீடு வாங்குற எண்ணம் இருந்தா அந்த பக்கம் போயிடாதீங்க, லேட் ஆனாலும் முழுசா கட்டி "க்ளோஸ்ட்"னு வாங்கணும்.

கார்டு 2021 நடுவுல முடிஞ்சுது. அடுத்தது கணக்குப்படி 16 சதவீத பர்சனல் லோன், நகைக்கு வட்டி கம்மி தான். ஆனா நான் நகைய தான் மொதல்ல மீட்டேன், தப்பு தான், தெரிஞ்சே பண்ணேன். 2022 ஜனவரி, அம்மா விருத்தாசலத்துல பேங்குக்கு வந்துட்டாங்க, பணம் கட்டி முக்கா மணி நேரம் உக்கார வச்சு சீல் வச்ச கவர கொண்டாந்து ப்ளேடால வெட்டி எடை போட்டு காமிச்சாங்க. அம்மா எடைய பாக்கல, ஒரு வளையல்ல குடம் இடிச்சு நெளிஞ்ச எடம் இருக்கும், அத தடவி பாத்துட்டு தலையாட்டினாங்க. அங்கயே போடலாம்னா கை ஏறல, ரெண்டரை வருஷத்துல கை பருத்துடுச்சு. பேங்க்ல பெருக்குற அக்கா கிட்ட சோப்பு வாங்கி, வாஷ்பேசின்ல நுரை போட்டு, ஒருவழியா ரெண்டையும் ஏத்திட்டு தான் பஸ் ஏறினாங்க.

இதுல நான் பண்ண ஒரே புத்திசாலித்தனம் என்னன்னா, எது முடிஞ்சாலும் அந்த இஎம்ஐ பணத்த சம்பளத்தோட கலக்க விடல. அஞ்சாம் தேதி அதே தொகை அடுத்த கடனுக்கு போச்சு, 2022 கடைசில பர்சனல் லோனும் முடிஞ்சப்புறம் அதுல பாதி ஆர்டிக்கும் (பேங்க்ல மாசாமாசம் ஒரே தொகை போட்டு சேக்குறது) பாதி கல்விக்கடனுக்கு எக்ஸ்ட்ராவாவும் போச்சு. 11 சதவீத கடன வச்சிட்டு ஆறரை சதவீத ஆர்டி போடுறவன் முட்டாள்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி கைல சேமிப்புன்னு எதுவும் இல்லாததால தான ஒவ்வொரு தடவையும் கார்ட தேச்சேன். ரெண்டு மாச செலவு கைல நின்னப்புறம் தான் தேய்க்கிற கை அடங்குச்சு. 2023ல வேற கம்பெனி, 44 ஆயிரம். 2024 மார்ச்ல கல்விக்கடன் க்ளோஸ்.

அதுக்கப்புறம் நிம்மதியா சிபில் ரிப்போர்ட் எடுத்து பாத்தா ஒரு பழைய பாக்கி நிக்குது, 749 ரூபா ஆண்டு கட்டணம், லேட் ஃபீ மேல லேட் ஃபீ. பாக்கிய கட்டினதும் நான் கார்ட கத்தரிக்கோல்ல வெட்டி குப்பைல போட்டேன், க்ளோஸ் பண்ணுங்கன்னு எழுதி குடுக்கல. லைஃப்டைம் ஃப்ரீன்னவன் வாய்ல சொன்னான், பேப்பர்ல மொத வருஷம் மட்டும் தான். மெயில் மேல மெயில் போட்டு சரி பண்ண நாலு மாசம் ஆச்சு. கடன் முடிஞ்சதும் ஒவ்வொரு கடன் நிறுவனத்துக்கிட்டயும் தடையில்லா சான்று வாங்கி வைங்க, கடன் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒரு தடவை சிபில் மாதிரி ஒவ்வொரு ரிப்போர்ட் கம்பெனிகிட்டயும் இலவசமா கெடைக்கும், எடுத்து பாருங்க.

வீடு வாங்கிட்டேனான்னு கேப்பீங்க. இன்னும் இல்ல. ஊரப்பாக்கத்துல ஒரு பழைய ஃப்ளாட் பாத்து வச்சிருக்கோம், 620 சதுரடி, 32 லட்சம் சொல்றாங்க. 30 லட்சம் வரைக்கும் லோன்னா வீட்டு மதிப்புல 90 சதவீதம் வரைக்கும் குடுக்கலாம்னு விதி, ஆனா என் சம்பளத்துக்கு 25 தான் வரும்னாங்க. அப்போ 7 லட்சம் நம்ம கைலேந்து. அதுக்கு மேல பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது மட்டும் 3 லட்சம் கிட்ட, அத பேங்க் லோன்ல சேக்காது. வக்கீல், புரோக்கர், ப்ராசஸிங்னு இன்னும் ஒரு லட்சம். 11 லட்சம் வேணும், என்கிட்ட 7 இருக்கு. மிச்சத்துக்கு பர்சனல் லோன் போடுங்க சார், நானே ஆள் சொல்றேன்னு புரோக்கர் சொல்றாரு. அச்சிறுபாக்கம் பிரியாணி ஞாபகம் வந்துச்சு. ஒன்றரை வருஷம் ஆகும்னு சொல்லிட்டேன், அதுக்குள்ள இந்த ஃப்ளாட் போயிடும், போகட்டும், ஊரப்பாக்கத்துல ஃப்ளாட்டுக்கா பஞ்சம்.

உங்களுக்கு 25 தான, 13 ஆயிரத்துல எது எவ்ளோ வட்டின்னு நீங்க சொல்லல. கமெண்ட்ல போடுங்க, எத மொதல்ல முடிக்கலாம்னு கூட்டி பாத்து சொல்றேன். அக்காவும் இந்த தளத்துல இருக்கா, நான் தப்பா கூட்டினா அவளே வந்து திருத்துவா.