படகில் போய் உறவைப் பார்க்கலாமா?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்து மாமியார் வருகிறார். பெரிய கப்பல் வேண்டாம். படகில் நிதானமாகப் போய், வழியில் தெரிந்தவர்களையும் பார்க்க வழி உண்டா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உண்டு, அம்மா. சாங்கி முனைப் படகுத்துறைக்குப் போங்கள். உபின் தீவுக்கு அங்கே கால அட்டவணை எதுவும் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். என் அம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்தே இரண்டு பேரைத் தோழியாக்கிக்கொண்டார். பத்து, பதினைந்து நிமிடத்தில் தீவு வந்துவிடும். அப்பாவோடு வேலை பார்த்த மலாய்க்காரர் ஒருவரின் வீடு அங்கே இருக்கிறது. இளநீர் வெட்டிக் கொடுத்து, மதியம் வரை எங்களை விடவே மாட்டார். மாமியாருக்கு நடக்க முடிந்தால் தீவின் கடலோரச் சதுப்புநிலமான செக் ஜாவாவும் பார்க்கலாம், கடல் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

அதே சாங்கித் துறையிலிருந்து மலேசியாவில் ஜொகூரின் பெங்கராங்குக்கும் படகு போகிறது. என் பெரியம்மா மகள் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் அது வெளிநாட்டுப் பயணம். உபினிலிருந்து நேராகப் போக முடியாது, கடப்பிதழும் வேண்டும். மாமியாரின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் திரும்பி வருவது சிக்கலாகிவிடும்.

இந்த மாதங்களில் விடியற்காலையில் சுமத்ரா புயல்காற்று வீசும். வானம் கறுத்திருந்தால் அவசரப்படாதீர்கள், அது ஓய்ந்த பிறகு ஏறுங்கள். போகிற வீட்டுக்கு முறுக்கு கொண்டுபோக மறக்காதீர்கள்.