எங்கள் வீட்டு ஒற்றை யானை

அம்மா, வணக்கம். எனக்கு 45 வயது. தேன்கனிக்கோட்டை பக்கம் ராகியும் தக்காளியும் போடுகிறோம். மனிதர்களைக் காட்டு மிருகங்களாகப் பிரித்துச் சொல்லும் பயிற்சி வகுப்புக்கு நண்பர் கூட்டிப் போனார். அப்புறம்தான் எல்லாம் பிடிபட்டது. நான் புலி, முகத்துக்கு நேராகப் பேசிவிடுவேன். மனைவி மான், கொஞ்சம் சத்தம் போட்டாலே அழுதுவிடுவாள். தம்பி நரி. பாகப் பிரிவினையில் கிணற்றை நைசாகத் தன் பக்கம் எழுதிக்கொண்டான். பஞ்சாயத்திலும் எல்லோரும் அவனுக்கே பேசினார்கள். பிளஸ் ஒன் படிக்கும் மகன் ஒற்றை யானை. அறுவடை முடிந்தும் காவல் கொட்டகையிலேயே படுக்கிறான், சாப்பாடும் அங்கேதான். முன்பு சித்தப்பாவோடு பைக்கில் சுற்றுவான், இப்போது அதுவும் இல்லை. சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டோம். தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குக்கூட அவன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கிணற்றை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்கிறாள் மனைவி. நரியோடு புலி எப்படி ஒத்துப்போவது?

அன்புச் சகோதரருக்கு,

கிணற்றுக்குப் பத்திரம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். கொட்டகையில் படுத்திருக்கும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? கடிதத்தில் அவனைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஆண் யானை 10, 15 வயதில் தாய்க் கூட்டத்தை விட்டு விலகும், சரி. ஆனால் அந்த வயதில் பெரும்பாலும் மூத்த ஆண்களின் பின்னால் திரிந்து அவற்றைப் பார்த்தே பழகும். தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் தேசியப் பூங்காவில் மூத்தவை இல்லாமல் வளர்ந்த இளம் ஆண் யானைகள் 1990களில் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கொலைகள் நின்றன. பெரியவர்கள் பக்கத்தில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

உங்கள் மகனுக்கு அப்படி இருந்தவர் சித்தப்பா. கிணற்றுச் சண்டையில் நீங்கள் இழந்தது தண்ணீர், அவன் இழந்தது ஒரு மனிதரை. அதை யாரும் அவனிடம் கேட்டதாகவே தெரியவில்லை.

உங்கள் மனம் புண்பட்டிருப்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். மிருகப் பெயர் வைத்துவிட்டால் விசாரிக்கும் வேலை மிச்சம். தம்பி நரி, அவனிடம் பேச வேண்டாம். மனைவி மான், ஏன் அழுகிறாய் என்று கேட்க வேண்டாம். நான் புலி, குரலைத் தாழ்த்த வேண்டாம். கிணற்றை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றது உங்கள் மனைவி பயந்து சொன்ன பேச்சாக எனக்குத் தெரியவில்லை. வீட்டில் சத்தம் ஓயட்டும் என்று நினைத்திருக்கலாம். பையனும் அந்தச் சத்தத்திலிருந்து தப்பித்தே போயிருக்கலாம்.

இன்று இரவு களியும் குழம்பும் நீங்களே எடுத்துப் போங்கள். அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மார்க், கிணறு இரண்டையும் பேசாதீர்கள். அவன் பேசாவிட்டாலும் மறுநாளும் போங்கள். தூக்கமோ சாப்பாடோ குறைந்திருந்தால், 'இருந்து என்ன பயன்' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

தம்பியோடு நீங்கள் ஒத்துப்போவது அப்புறம் ஆகட்டும். சித்தப்பாவைப் பார்க்க உனக்குத் தடை இல்லை என்று மகனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவனாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.