எது பொய் ரிப்போர்ட்?

அன்புள்ள அம்மா,

எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் எட்டு மாதமாகப் படர்தாமரை. டெர்பினாஃபின் மாத்திரை போட்டும் போகவில்லை. இங்கே ஒரு லேபில் வளர்த்துப் பார்த்து ‘ட்ரைக்கோஃபைட்டான் மென்டக்ரோஃபைட்டிஸ்’ என்றார்கள். புதுச்சேரியில் மரபணு பார்த்தவர்கள் ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்கிறார்கள். எது பொய்? புதுப் பெயர் வைத்துக் காசு பறிக்கிறார்களா? தேவனாம்பட்டினம் கடலில் குளித்தால் போய்விடும் என்கிறார் மாமியார். குளிக்கலாமா?

எம்., கடலூர் முதுநகர்

அன்புள்ள எம்.,

எட்டு மாதம் ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடப்பது லேசான காரியமில்லை. அந்த எரிச்சலில்தான் லேப்காரர்களைத் திட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கடலில் குளித்தால் புண் எரியும், பூஞ்சை போகாது. மாமியாரோடு இதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இரண்டு ரிப்போர்ட்டும் பொய்யில்லை. முதல் லேப் சபுரோ ஊடகத்தில் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) பூஞ்சையை வளர்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறது. சுருள் சுருளாக இழை, திராட்சைக் கொத்து மாதிரி நுண்வித்துகள். மென்டக்ரோஃபைட்டிஸ், இன்டர்டிஜிட்டாலே, இண்டோடினியே மூன்றுக்கும் இதே முகம்தான். கண்ணால் பார்த்து இதற்கு மேல் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது லேப் படித்தது பூஞ்சையின் டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்ற துண்டு. ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையில் இருப்பது. ஒரு செல்லுக்குள் பல பிரதிகள் உண்டு, அதனால் தோலில் சுரண்டிய செதில் கொஞ்சம் இருந்தாலும் அந்தத் துண்டைப் பெருக்கிவிடலாம். இந்த மூன்றுக்கும் அதில் உள்ள வித்தியாசம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில டிஎன்ஏ எழுத்துகள்தான். இண்டோடினியே என்று பெயர் வைத்ததே 2020இல். அதற்கு முன்பு அது மென்டக்ரோஃபைட்டிஸின் எட்டாம் மரபணு வகை. லேப்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் பொதுத் தரவுத்தளத்தில் அதற்கு முன்பு ஏற்றிய டிஎன்ஏ வரிசைகள் பல இன்னும் பழைய பெயரோடுதான் கிடக்கின்றன. ஆகவே உங்கள் மாதிரியின் அதே வரிசையைக் கொடுத்துத் தேடினால் ஒரு வரியில் மென்டக்ரோஃபைட்டிஸ் வரும், அடுத்த வரியில் இன்டர்டிஜிட்டாலே வரும், மூன்றாவதில் இண்டோடினியே வரும். முதலில் வந்ததை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டுகிறவரைத்தான் நீங்கள் திட்ட வேண்டும்.

சரி, சில எழுத்து மாறினால் தனி இனமா? இங்கேதான் எனக்கு வழக்கு இருக்கிறது. கொண்டுகொடுத்துப் புழங்கும் இரண்டு ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு தாத்தா வழி, சுருட்டை முடி அம்மாச்சி வழி. ஒவ்வொரு அடையாளத்துக்கும் வம்சாவளி வரைந்தால் ஒன்றோடொன்று பொருந்தாது. கொண்டுகொடுத்தல் நின்று பல தலைமுறை ஆகியிருந்தால் எல்லா வம்சாவளியும் ஒரே இடத்தில் பிரியும். அந்த இடம்தான் இன எல்லை. பூஞ்சையில் மூக்கு, முடிக்குப் பதில் மரபணுக்கள். நெல்லின் குலைநோய்ப் பூஞ்சையை 2002இல் இப்படித்தான் பிரித்தார்கள்: ஆக்டின், பீட்டா டியூபுலின், கால்மோடுலின் என மூன்று மரபணுக்களும் ஒரே இடத்தில் பிரிந்தன. நெல்லைத் தாக்குவது ஒரைசே, ஒரு களைப்புல்லில் வாழ்வது கிரிசியா. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இண்டோடினியே குளோனாக, அதாவது தன்னையே நகலெடுத்துப் பெருகுவது, கொண்டுகொடுத்தலே கிடையாது. அப்போது எல்லா வம்சாவளியும் எல்லாக் கிளையிலும் பொருந்தும். எந்தக் கிளைக்கு வேண்டுமானாலும் இனப்பெயர் சூட்டலாம்! இதைத் தனி இனம் என்பது கணக்கில் சற்றுப் பலவீனம்தான் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனாலும் அந்தப் பெயர் எனக்கு வேண்டும். ‘டெர்பினாஃபின் கேட்காமல் போகலாம், பார்த்துக்கொள்’ என்று மருத்துவருக்கு ஒரே சொல்லில் எச்சரிக்கிறதே, அதற்காக.

ஆனால் பெயரும் மருந்துக்கு எதிர்ப்பும் ஒன்றல்ல. மாத்திரை அடக்குவது ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியை. அது நின்றால் பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் கிடைக்காது. அந்த நொதியில் 397ஆம் இடத்து அமினோ அமிலம் ஃபினைல்அலனினிலிருந்து லியூசினாக மாறினால் மருந்து பிடிப்பதில்லை. 393ஆம் இடத்திலும் இதுபோல நடக்கும். இந்த மாற்றம் ஐடிஎஸ் துண்டில் தெரியாது, வேறு மரபணு. இண்டோடினியே எல்லாம் எதிர்ப்புள்ளதும் அல்ல. ஆகவே அந்த மரபணுவையும் பார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பெயரை மட்டும் வைத்து மருந்தை மாற்றச் சொல்லி மருத்துவரை நச்சரிக்காதீர்கள்.

இன்னொன்று. கடிதத்தில் நீங்கள் எழுதாதது. மெடிக்கலில் ‘படர்தாமரைக்கு ஒரு ட்யூப்’ என்று கேட்டு வாங்கிப் பூசினீர்களா? குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த கலவைக் களிம்பாக இருந்தால், பூசிய மறுநாளே அரிப்பு அடங்கியிருக்கும், பூஞ்சை அடங்கியிருக்காது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிட்டு அதற்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது. வட்டத்தின் ஓரமும் மழுங்கிப்போய், மாதிரிக்கு எங்கே சுரண்டுவது என்றே தெரியாமல் போகும். இதை நாலு பேரும் மாற்றி மாற்றிப் பூசியிருந்தால், ரொம்பத் தப்பு.

மறுபடி மாதிரி கொடுப்பதானால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு இரண்டு வாரம் எந்தக் களிம்பும் இல்லாமல் போங்கள். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, நடுவில் அல்ல, பரவிக்கொண்டிருக்கும் ஓரத்தில் சுரண்டச் சொல்லுங்கள். பாவாடை நாடா இறுகும் இடத்தில் செதில் நன்றாக வரும். கறுப்புக் காகிதத்தில் விழட்டும். வெள்ளைச் செதில் கண்ணுக்குத் தெரியும், காகிதம் ஈரத்தையும் உறிஞ்சும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினால் வேர்த்து பாக்டீரியா மேலேறிவிடும். கைக்குழந்தை இருந்தால் அதன் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.