புதிய புற்றுநோய் ஊசியும் வயிற்றோட்டமும்

கேள்வி: என் தந்தைக்கு நுரையீரல் புற்றுநோய்க்காகப் பெம்ப்ரோலிசுமாப் ஊசி ஏற்றப்படுகிறது. சில நாட்களாக அவருக்கு வயிற்றோட்டம். அம்மா மாதுளங்கோது அவித்துக் கொடுக்கிறார். பாமசியில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் போதுமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: போதாது, சகோதரி, இன்றே அவருடைய புற்றுநோய்ப் பிரிவுக்கு அறிவியுங்கள். கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகின்றன. இம்மருந்தோ நோயெதிர்ப்புக் கலங்களுக்கு இருந்த தடையை நீக்கி அவற்றைப் புற்றுக்கு எதிராக ஏவுகிறது. அவ்வாறு ஏவப்பட்ட கலங்கள் சில வேளைகளில் குடல், ஈரல், நுரையீரல், தைரொயிட் போன்ற நலமான உறுப்புகளையும் தாக்கிவிடுகின்றன. அப்படிக் குடல் அழற்சியுற்றிருந்தால், வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரை அறிகுறியை மட்டுமே மறைக்கும். அம்மாவின் அக்கறை பெரிது, ஆனால் மாதுளங்கோதும் இந்த அழற்சியை ஆற்றாது. மலப் பரிசோதனையில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் ஸ்டீரொயிட் மருந்தைத் தொடங்கி, அதை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பதே வழக்கமான சிகிச்சை. தேறிவிட்டார் என்று நீங்களாக அதை இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

வழமையைவிட நாளொன்றுக்கு 4 தடவைக்கு மேல் கூடுதலாக மலம் கழிந்தாலோ, மலத்தில் இரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி இருந்தாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அதுவரை ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள்) கரைத்துக் கொடுக்கலாம்.

ஊசி முடிந்து மாதங்கள் கடந்த பின்னரும் இவ்விளைவு வரக்கூடும். ஆகவே கல்முனையில் சாதாரண இருமலுக்குப் பார்க்கும் வைத்தியரானாலும், அவரிடம் பொதுவாகக் ‘கீமோ’ என்று சொல்லாமல், மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய திகதியையும் சொல்லி, கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.