காற்று குறைந்த ஊரில் காற்றாலை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மீட்டர் விட்டமுள்ள சிறு காற்றாலை வைத்தால் கரண்ட் செலவு மிச்சமாகுமா? (கொழிஞ்சாம்பாறை விவசாயி)

பதில்: மிச்சமாகாது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில், அந்த இறக்கைகள் சுற்றும் வட்டத்துக்குள் இருக்கும் ஆற்றலே ஏறக்குறைய 115 வாட்தான். அதில் 30 விழுக்காட்டைப் பிடித்தாலும், இரவு பகலாகச் சுழன்று நாளொன்றுக்கு ஒரு யூனிட் தேறாது. தோப்புக்குள் அந்த வேகமும் வராது. ஓலைகளில் மோதிக் குலைந்த காற்று இறக்கைகளை அலைக்கழித்து, பேரிங்கைத்தான் தேய்க்கும். மரங்களின் உச்சியைவிட 9 மீட்டராவது உயரமாகக் கோபுரம் எழுப்ப வேண்டும். அந்தப் பணத்தில் சோலார் தகடு போடுங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: எங்கள் பக்கம் சராசரி வேகம் குறைவு என்கிறார்கள். பெரிய காற்றாலைக்கும் வழியில்லையா? (பாலக்காடு மாவட்டச் சித்தூர் வாசகர்)

பதில்: சராசரியை மட்டும் நம்பி ஓர் ஊரைத் தள்ளிவிடக் கூடாது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப, அதாவது வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காக, உயர்வதால், எப்போதும் 4 மீட்டராக வீசும் இடத்தைவிட, பாதி நேரம் 2, பாதி நேரம் 6 என வீசும் இடத்தில், சராசரி ஒன்றாகவே இருந்தும், ஆற்றல் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றும், மார்கழி, தையில் கிழக்குக் காற்றும் பலமாக வீசுவதை நீங்களே அறிவீர்கள்.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் கேரள மின் வாரியம் 1990களில் வைத்த 225 கிலோவாட் இயந்திரங்களுக்கும் இன்றையவற்றுக்கும் என்ன வேறுபாடு? (வேலந்தாவளம் மாணவி)

பதில்: நல்ல கேள்வி, அம்மா. குறைந்த காற்றுக்கான விடையே இதில்தான் இருக்கிறது. அக்காலத்து 225 கிலோவாட் இயந்திரங்களின் விட்டம் 30 மீட்டருக்குள் அடங்கிவிடும். இன்று 120 மீட்டர் விட்டத்தில் 2.1 மெகாவாட் இயந்திரம் உண்டு. இறக்கைகள் துழாவும் பரப்பு 16 மடங்குக்கு மேல் வளர்ந்திருக்க, ஜெனரேட்டர் ஏறக்குறைய 9 மடங்குதான் வளர்ந்திருக்கிறது. ஆகவே மெல்லிய காற்றிலும் அது தன் முழுத்திறனை நெருங்குகிறது. கோபுரமும் உயர்ந்துவிட்டது. தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்தியாவில் காற்றிலிருந்து எடுக்க வாய்ப்புள்ள மின்திறன் 100 மீட்டர் உயரத்தில் 302 ஜிகாவாட், 120 மீட்டரில் 695 ஜிகாவாட்.

கேள்வி: குத்தகைக்கு நிலம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வண்ணாமடை விவசாயி)

பதில்: வருமானத்தில் பங்கு என்று ஒப்பந்தம் பேசினால், கோபுரம் நிற்கப்போகும் உயரத்தையொட்டி ஓராண்டு முழுவதும் அளந்த காற்றுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், ஆடி மாதக் கணக்கை மட்டும் காட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.