எத்தனை சென்டிமீட்டரில் எபிடியூரல் கேட்பது?

கேள்வி: முதல் பிரசவம், இப்போது 36 வாரம். பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் மெல்லிய குழாய் வழியாக மருந்து கொடுக்கும் எபிடியூரல் போட்டுக்கொள்ள ஆசை. 'சீக்கிரம் போட்டால் வலி நின்று சிசேரியனில் முடியும். தாமதித்தால் போடவே மாட்டார்கள்' என்கிறார் அக்கா. எப்போதுதான் கேட்பது, டாக்டர்?

பதில்: அக்கா சொன்னதில் முதல் பாதி பழைய கணக்கு. கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறக்கட்டும் என்று பெண்களைக் காக்க வைத்த காலம் உண்டு. முன்னதாகப் போட்டவர்களையும் காத்திருந்து போட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் சிசேரியன் கூடவில்லை. பொய்வலி இல்லை, பிரசவ வலிதான் என்று உறுதியாகிவிட்டால் 2 செ.மீ.யிலும் தாராளமாகக் கேளுங்கள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால்தான் தாய் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இரண்டாம் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அங்கே பார்க்கவேண்டியது சென்டிமீட்டரை அல்ல, கடிகாரத்தை. மயக்கவியல் மருத்துவர் வந்து குழாய் பொருத்த 10 முதல் 20 நிமிடம். மருந்து பிடிக்க இன்னொரு 15, 20 நிமிடம். முதல் பிரசவத்தில் வாய் முழுதாகத் திறந்த பிறகும் முக்கிப் பெற்றெடுக்க ஓரிரு மணி நேரம் ஆகலாம் என்பதால் 8 செ.மீ.யில்கூடப் போடுவதுண்டு. குழந்தையின் தலை வெளியே தெரியத் தொடங்கிவிட்டால் மருந்து பிடிக்கும் முன்பே குழந்தை பிறந்துவிடும்.

இன்னொன்று, போடும்போது அசையக் கூடாது. முதுகை வளைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து உட்காரவேண்டும். அடுத்த வலி கிளம்புவது தெரிந்தால் 'வருது' என்று சொல்லுங்கள், மருத்துவர் கையை நிறுத்திக்கொள்வார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வலி வரும் கட்டத்தில் அப்படி உட்கார்வது சிரமம். சற்று முன்னதாகக் கேளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ஊசி முதுகிலேயே இருக்காது; மெல்லிய குழாய் மட்டுமே தங்கும். அவசரமாக சிசேரியன் தேவைப்பட்டால் பெரும்பாலும் அதே குழாய் வழியாகவே மருந்தைக் கூட்டிக் கொடுத்துவிடலாம்.

முக்கும் கட்டம் சற்று நீளலாம், இரத்த அழுத்தம் இறங்கலாம். இதற்காகத்தான் உங்களையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொண்டே இருப்போம்.

36 வாரம் என்பதால் இப்போதே மயக்கவியல் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு, முதுகில் அறுவை சிகிச்சை, இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி, இவற்றில் எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அந்த ஊசி போடுபவர் என்றால், கடைசியாகப் போட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். வலி வந்து நீங்கள் சேரும்போது அவர் முதலில் கேட்பது அதைத்தான்.