டிராகன்ஸ்பர்க் மலையில் போன் எடுக்குமா?

சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து, டிராகன்ஸ்பர்க்கில் நான்கு நாள் நடக்கப் போகிறோம், போனில் சிக்னல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிவார விடுதிகள் வரை பெரும்பாலும் கிடைக்கும், பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் சந்தேகம்தான். சிம் வாங்க பாஸ்போர்ட்டோடு தங்குமிட முகவரிக்கான சான்றும் கேட்பார்கள், சிம் பதிவுக்கான அந்நாட்டு ரிக்கா (RICA) சட்டம் அப்படி.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் விடாமல் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும் (என்னுடையது ஒருமுறை மதியத்துக்குள் செத்தது), அதனால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு மேட்டில் ஏறியதும் திறந்து பாருங்கள், அங்கே ஒரு கோடு காட்டினாலும் பேச முடியாவிட்டாலும் எஸ்எம்எஸ் போய்விடும். வரைபடத்தை டர்பனிலேயே இறக்கி வையுங்கள், ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம். அப்புறம், சானி கணவாய் உச்சி லெசோத்தோ எல்லை, போன் அந்த நாட்டு டவரைப் பிடித்தால் ரோமிங் காசு போகும், டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு 112. ஆனால் அதற்கும் ஏதாவது ஒரு டவர் வேண்டுமே? இரவு மலையில் தங்குவதென்றால் நுழைவிடத்துப் பதிவேட்டில் வழியையும் திரும்பும் நாளையும் எழுதாமல் போகாதீர்கள்.